காசிமாயன் பையில் முப்பத்து மூன்று பீஸ் கட்டை

நல்லூரில் எங்கள் தெருவில் பதினொரு கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே நாலைந்து நிட்டிங் மெஷின், மேலே குடித்தனம், அவ்வளவுதான். என்னுடையதும் அதே மாதிரிதான். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று மின்வாரியத்தில் காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்துவார்கள். நிறுத்தின கையோடு காசிமாயன் தெருவுக்குள் வருவான். கையில் ஜவுளிக்கடைப் பை இருக்கும். ஒவ்வொரு கம்பெனியாக நுழைந்து, மீட்டர் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கம்பி கட்டின மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வான். பதினொரு கம்பெனிக்கு முப்பத்து மூன்று. பீங்கான் கட்டை, பை தோளை இழுக்கும். சாயங்காலம் அவனே கொண்டுவந்து சொருகிவிட்டுப் போவான்.

வாரியத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது அவனாகப் போட்ட சட்டம்.

அவனுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணமான புதிதில் கருத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தான். அந்தப் பெண் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். இவன் கட்டிங் மேஜையில் ஒரு வருடம் நின்று பார்த்தான். பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை, இருமல். மின்வாரியத்தில் கம்பத்துக்குக் குழி தோண்டும் கான்ட்ராக்டரிடம் போய்ச் சேர்ந்தான். குழி தோண்டினவன் கம்பம் தூக்கினான், பிறகு கம்பம் ஏறினான். பதினாலு வருடமாக ஏறுகிறான். இன்றைக்கும் கான்ட்ராக்ட் ஆள்தான். எங்கள் பகுதி லைன்மேன் ஞானசம்பந்தம் நிரந்தர ஆள், நல்ல மனுசன், ஆனால் முழங்கால் போய்விட்டது. அவர் கீழே நின்று சொல்வார், இவன் மேலே செய்வான்.

இந்தப் பை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். காசிமாயனோடு ஒரே ஊரிலிருந்து வந்தவன் முனீஸ், அதே வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் நெருப்பெரிச்சல் பக்கம் லைனை நிறுத்திவிட்டு முனீஸ் ஏறியிருக்கிறான். அந்த நேரம் ஏதோ ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடியது. ஜெனரேட்டர் போடும்போது சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பினால்தான் லைனுக்கும் நமக்கும் தொடர்பு அறும். சுவிட்ச் பழுதாகி உள்ளே ஒட்டிக்கொண்டால், ஜெனரேட்டர் கரண்ட் வந்த வழியே திரும்பிப் போய்த் தெருக் கம்பியில் ஏறிவிடும். செத்த கம்பி என்று நினைத்துத்தான் முனீஸ் தொட்டான். பெல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தவனைக் காசிமாயன்தான் ஏறிப் பிணமாக இறக்கினான்.

அதற்குப் பிறகு சேஞ்ச் ஓவரை அவன் நம்பவில்லை. பீஸ் கட்டை மீட்டர் பெட்டியில் இல்லாவிட்டால், சுவிட்ச் ஒட்டினாலும் கரண்ட் வெளியே போக வழியில்லை. அதனால்தான் பை.

முதலில் எங்களுக்கு எரிச்சல். கரண்ட் சில நாள் ரெண்டு மணிக்கே வந்துவிடும். இவன் மற்ற தெரு வேலையையும் முடித்துக் கட்டையோடு வருவதற்கு ஐந்தாகும். அதுவரைக்கும் ஜெனரேட்டரிலேயே ஓட்ட வேண்டும், இல்லை மெஷினை நிறுத்த வேண்டும். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாளாக நாளாக, அவன் வந்து பிடுங்க வேண்டாம் என்று நாங்களே கழற்றி எடுத்து வைத்து வாசலில் கொடுக்க ஆரம்பித்தோம். அவனும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டான், சாயங்காலமும் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவான்.

பக்கத்துக் கம்பெனி சரவணக்குமார்தான் முதலில் கடையில் இன்னொரு செட் வாங்கினான். புதுக் கட்டையை வாசலில் கொடுப்பது, ஓடுகிற கட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது. "சேஞ்ச் ஓவர்தான் இருக்குதுங்களே மாமா, என்ன ஆயிறப் போகுது" என்றான். நானும் வாங்கினேன். தெருவில் வேறு யார் யார் வாங்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ரெண்டு மணிக்கு லைன் கரண்ட் வந்ததும் தெருவில் ஜெனரேட்டர் சத்தம் குறைந்துவிடும். அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

போன சித்திரையில் ஒரு ஷட்டவுன். என் கம்பெனிக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் காசிமாயன் ஏறி, பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கம்பியைத் தரையோடு சேர்க்கும் எர்த் ராடு அடுத்த கம்பத்து ஆட்களிடம் இருந்தது. அது வரட்டும் என்று காத்திருந்தான். கம்பிக்கும் அவன் தோளுக்கும் ஒரு முழம்தான். கீழே ஞானசம்பந்தம் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம்.

எதிர்வீட்டு நிர்மலா வாசலுக்கு வந்தாள். வீட்டிலேயே டீசர்ட்டுக்குப் பிசிறு வெட்டுகிற பெண். கத்தரிக்கோல் கையோடு நின்று என்னைக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, கரண்ட் வந்துருச்சுங்களா? எங்கூட்டு பேனு சுத்துதுங்க."

ஞானசம்பந்தம் கையிலிருந்து பீடி விழுந்தது. அவர் பதறவில்லை. தூங்கி எழுகிற பிள்ளையிடம் பேசுவதுபோல நிதானமாக, மேலே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"காசி. கையை மடியில வை. எதையும் தொடாத. அப்படியே இரு."

காசிமாயன் கையை மடியில் வைத்துக்கொண்டான். நிர்மலா வீட்டுக்குள் மின்விசிறி சுத்துவது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

"ஜெனரேட்டரை நிறுத்துங்க" என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். ஜெனரேட்டரை அணைத்தேன், பெட்டியைத் திறந்து கட்டையைப் பிடுங்கினேன். திரும்பி வெளியே வந்தபோது தெருவே அமைதியாகிவிட்டது. ஒரே நேரத்தில் பதினொரு ஜெனரேட்டரும் நின்றிருந்தது. நிர்மலா வீட்டு மின்விசிறியும் நின்றிருந்தது. எல்லாரும் ஒன்றாக நிறுத்தியதால் யாருடைய கரண்ட் மேலே போனது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. என்னுடையதாகவும் இருக்கலாம்.

காசிமாயன் இறங்கினான். இறங்கியும் கம்பத்தை விடவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாயில் வைக்கவில்லை. அவன் போன் அடித்தது. ஷட்டவுன் அன்றைக்குக் கருத்தம்மா செக்கிங் மேஜையிலிருந்து மணிக்கு ஒருதரம் கூப்பிடுவாள், சூப்பர்வைசர் திட்டினாலும் விடமாட்டாள். "கீழதான் நிக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்தான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு சரவணக்குமார் வாசலுக்குப் போனான்.

"கட்டை பூராம் எங்கிட்ட இருக்கு. பெறகு எப்பிடிண்ணே கம்பியில கரண்ட் வந்துச்சு?"

"அதைத்தானுங்க காசியண்ணா நானும் கேக்கறேன். எங் கட்டை உங்க பையில கெடக்குது. எங்கூட்டுக் கரண்ட் றெக்கை கட்டிப் பறந்தாங்க வரும்?"

யாரோ சிரித்தார்கள். காசிமாயன் அடுத்த வாசலுக்குப் போனான், அதற்கடுத்த வாசலுக்கும் போனான். எல்லா இடத்திலும் ஒரே பதில். அவன் உயிருக்காகத் தூக்கிச் சுமந்த பை எங்கள் பதினொரு பேருக்கும் சாட்சியாகிவிட்டது. என்னிடம் வந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். "என்னுதும் உங்கிட்டத்தானப்பா இருக்குது."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அந்த வாரமே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவரைப் பிரித்துப் பார்த்தேன். "இப்ப நல்லாத்தானுங்க இருக்குது, அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்" என்றான். அடுத்த ஷட்டவுன் வந்தது. ஒன்பது மணிக்குக் காசிமாயன் அதே பையோடு என் வாசலில் நின்றான். நான் ஆறு கட்டையையும் மேஜையில் வைத்தேன்.

"காசி, எங்கிட்ட ரெண்டு செட்டு இருக்குது."

"தெரியும்ணே."

"எப்பத் தெரியும்?"

"போன தீபாவளிக்கு முந்தியே தெரியும். ஓடுன கட்டைன்னா கரி புடிச்சிருக்கும், செம்பு கறுத்திருக்கும். நீங்க குடுக்கிறது கல்யாணத்துக்கு வந்த மாப்பிள கணக்கா பளபளன்னு இருக்கு. முப்பத்து மூணுல ஒண்ணுலகூட கரி இல்லண்ணே."

பதினொரு பேரும். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அப்பறம் எதுக்கப்பா அதை வாங்கித் தூக்கீட்டுத் திரியறே?"

"வாங்காம ஏறுனா கை நடுங்குது."

"ஆபீசுல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா பதினோரு பேரும் சேந்து போன் போடுவீக. நா கான்ட்ராக்ட் ஆளு. அடுத்த மாசம் வேற ஒருத்தன் ஏறுவான். அவனுக்கு இந்தத் தெருவப் பத்தி ஒண்ணும் தெரியாது." கட்டைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். கரி பிடித்த மூன்றையும் கடைசியாகப் போட்டான். "சரி. இனிமே பத்து வீடுதான்."

அவனோடு நானும் சரவணக்குமார் வாசல்வரைக்கும் போனேன். ஓடுகிற கட்டையையும் கொடுத்துவிடு என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சரவணக்குமார் சிரித்துக்கொண்டே வந்து மூன்று கட்டையை நீட்டினான். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வாங்க காசியண்ணா. வசூல் ஆரம்பிச்சாச்சுங்களா? மாமாவும் கூட வந்துட்டாரு இன்னைக்கு."

அவன் அப்பனும் என் அப்பனும் ஒரே வண்டியில் பஞ்சு ஏற்றினவர்கள். நான் சொல்லப்போய் சரவணக்குமார் பதிலுக்கு வாயைத் திறந்தால் மற்ற ஒன்பது பேர் பெயரும் வெளியே வரும், என் பெயரும் வரும். காசிமாயன் கட்டையை வாங்கிக்கொண்டு ஒரு நொடி என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். மூடியிருந்தது.

அவன் அடுத்த வாசலுக்கு நடந்தான். நான் என் கம்பெனிக்குத் திரும்பி வந்து, ஜெனரேட்டரைப் போடாமல், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்தேகாலுக்கு அவன் கம்பம் ஏறும்போது தெருவில் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன.