அண்ணாச்சியின் பதிவுக்குக் கீழே அறுபத்தொரு வீடுகள்

பெர்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவள் மேல் பாதி, என் மேல் பாதி, மீதி முழுவதும் சுடலைமணி அண்ணாச்சி மேல். கணக்கு உதைக்கிறது என்றால் உதைக்கட்டும்.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாலாம் லயம், எட்டாம் வீடு அவளுடையது. ஒன்பதாம் வீடு என்னுடையது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்து வீடு, வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, அதுதான் லயம். பத்தொன்பது வயதில் கொழுந்து கிள்ள வந்தவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு. பத்தாவது பாஸ். வாய் நீளம். மலையாளத்தில் வரும் எந்த அரசாங்கக் காகிதத்தையும் வாசித்து, இதற்கு இன்ன அர்த்தம் என்று நமக்குத் தமிழில் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, "இதக்கூட படிக்கத் தெரியாம எப்படித்தான் குடும்பம் நடத்துதீகளோ" என்று ஒரு குத்தும் குத்துவாள்.

சபையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புச் சீட்டுகளைப் பிரிக்கிற வேலை அவளுடையது. சீக்கு தனி, கல்யாணம் தனி, பரீட்சை தனி. ஒரே சீட்டில் ஐந்து கோரிக்கை எழுதிப் போட்டால் ஆளைத் தேடிப் போய்த் திட்டுவாள். "சபை ஐயரு ஒரு மூச்சுல அஞ்சையும் வாசிச்சுட்டுப் போயிருவாரு. ஒண்ணொண்ணா எழுது. அப்பத்தான் ஒண்ணொண்ணும் காதுல விழும்" என்பாள். நான் அம்மன் கோயில்காரி. ஆனாலும் அவள் அப்படிச் சீட்டுப் பிரிப்பதை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன்.

என் அடுப்படிச் சுவர் போன வருட மழையிலேயே வெளிப்பக்கம் வயிறு தள்ளிவிட்டது. மேலே விரல் நுழையும் விரிசல். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் இரண்டு பிள்ளைகளும் படுக்கிறார்கள், வேறு இடம் எங்கே இருக்கிறது? இன்னொரு மழையை அது தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பார்த்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

இந்த வருடம் சித்திரையில் லயம் வீடுகளைப் பழுதுபார்க்க ஒரு திட்டம் வந்தது. இணையத்தில் ஒரு விவாத மன்றம் திறந்து, ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திரி, அதாவது ஒரு தனிப் பக்கம், போட்டார்கள். அந்தத் திரியில் வீட்டுக்கு ஒரு பதிவு எழுத வேண்டும். லயம் எண், வீட்டு எண், என்ன பழுது, ஒரு படம். மே கடைசி வெள்ளிக்கிழமை கடைசி நாள். தனிப் பதிவு ஒன்றுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் பட்டியல் எடுப்பார்கள்.

எங்கள் திரியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைச் சுடலைமணி அண்ணாச்சியிடம் கொடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? அவர் பஜாரில் கான்கிரீட் வீடு கட்டிக் குடியிருக்கிறார். போனில் தமிழ் எழுத வராது. "ஏ பிள்ள பெர்சி, இத நீ பாத்துக்க" என்று பாஸ்வேர்டை அவளிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

போய்ப் பார்த்தால் திரியா அது, சந்தைக்கடை. காலை வணக்கம், பிறந்தநாள் கேக், ஆனைக்கரையில் அன்றைக்கு ஏலக்காய் என்ன விலை, ஆடு விற்பனைக்கு. அண்ணாச்சி தன் மருமகன் கல்யாணப் படம் பதினேழைப் போட்டிருந்தார். பெர்சி எல்லாவற்றையும் அழித்தாள். பதினேழையும் அழித்தாள். அண்ணாச்சி முகம் அன்றைக்கே சுருங்கிவிட்டது.

கடைசி வாரம் திங்கட்கிழமை மத்தியானம், எடைபோடும் ஷெட் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற மரத்தடியில் நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்தோம். திட்ட ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் பெர்சியைக் கூப்பிட்டார். மலையாளி, நமக்காகத் தமிழில் பேசினார்.

"சேச்சி, உங்க எஸ்டேட்டில் ஒரு பராதிதான் காணிக்கிறது. வேற வீட்டுக்கு ஒண்ணும் கொழப்பம் இல்லையா?"

"ஒரு புகாரா? அறுபத்தொரு வீட்டுக்காரங்க எழுதியிருக்காங்க சார்!"

"ஒரே ஒரு போஸ்ட். சுடலைமணி. அதிலயும் வீட்டு நம்பர் இல்ல."

பெர்சி சோற்றுக் கையைக் கழுவாமலே திரியைத் திறந்தாள். மேலே அண்ணாச்சியின் பதிவு. 'தோழர்களுக்கு வணக்கம், நமது ஒற்றுமை ஓங்குக' என்று யாரையோ விட்டு எழுதிப் போட்ட இரண்டு வரி. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், '61 பதில்கள்'. அதைத் தொட்டால்தான் நாங்கள் எழுதியது திறக்கும். தொடாதவனுக்கு எங்கள் தோட்டத்தில் ஒருவனுமே இல்லை.

ஏன் அப்படி எழுதினோம் என்று கேளுங்கள். எங்கள் கூட்டங்களில் அண்ணாச்சிக்கு முந்தி யாரும் வாய் திறப்பதில்லை. அவர் பேசி முடித்தபிறகு எழுந்து, 'அண்ணாச்சி சொன்னது போல' என்று ஆரம்பித்து நம் குறையைச் சொல்ல வேண்டும். இருபது வருடப் பழக்கம். போனிலும் அதையேதான் செய்தோம். அவர் வணக்கம் போடும்வரை காத்திருந்து, அதற்குக் கீழே போய், 'அண்ணாச்சி சொன்னது போல என் வீட்டுச் சுவர்...' அவர் எங்கே சொன்னார்? ஒரு எழவும் சொல்லவில்லை.

"மதினி, நாந்தான் கவனிக்காம விட்டேன், ஒங்களுக்குமா புத்தி இல்ல?" என்று பெர்சி என்னைப் பார்த்துக் கத்தினாள். "தனியா ஒரு போஸ்ட் போட்டா தலையவா எடுத்துருவாக?"

"மரியாதைக்கு எழுதுனேன்ட்டி."

"சுவரு விழும்போது மரியாதையா விழுமாக்கும்?"

இரண்டு மத்தியானம் சோறு தின்னவில்லை அவள். ஒவ்வொரு பதிலையும் அண்ணாச்சிக்குக் கீழேயிருந்து பிடுங்கித் தனிப் பதிவாக்கினாள். லயம் வாரியாக, வீட்டு எண் வாரியாக அடுக்கினாள். படம் இல்லாதவர் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்தாள். புதன்கிழமை சாயங்காலம் அறுபத்தொரு பதிவும் வரிசையாக நின்றன. கடைசியில் அண்ணாச்சியின் வணக்கம் மட்டும் மொட்டையாக, '0 பதில்கள்' என்று கிடந்தது.

அவ்வளவுதான், மனுஷனுக்குப் பேய் பிடித்துவிட்டது. "என்னய ஒத்தையா நிக்க வச்சுட்டாளா? சங்கத்த ஒடைக்கப் பாக்காளா?" என்று வீட்டுக்கு வீடு போன் போட்டார். உடனே இந்த வீராதி வீரர்கள் எல்லாம் பெர்சி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என் பேரைப் பழையபடி அண்ணாச்சிக்குக் கீழேயே போட்டுவிடு, தனியாக நின்றால் எதிர்த்த மாதிரி இருக்கும் என்று கெஞ்சினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் தற்காலிக வாட்ச்மேன். அண்ணாச்சி சொல்லித்தான் சேர்த்தார்கள், அண்ணாச்சி சொன்னால் நாளைக்கே நிறுத்திவிடுவார்கள்.

பெர்சி எங்களை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட எல்லோரும் கூடியிருந்தோம். அண்ணாச்சியும் வந்திருந்தார், வெள்ளை வேட்டி சட்டையில். சூப்பர்வைசர் நோட்டை விரிப்பதற்குள் பெர்சி போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குக் கடைசி நாளு. வாசல்ல வந்து தனித்தனியா என் காதக் கடிக்க வேண்டாம். நம்பர் கூப்புடுதேன். இருக்கேன்னு சொல்லுதவுக வீடு தனியா இருக்கும். வாய மூடிக்கிட்டு இருக்கவுகள அண்ணாச்சிக்குக் கீழயே தூக்கிப் போட்டுருதேன். அவுகவுக சொன்னது அவுகவுகளுக்கு."

"நீ யாருட்டி பேர் கூப்புட?" என்றார் அண்ணாச்சி.

"நீங்கதான அண்ணாச்சி பாஸ்வேர்டு குடுத்தீக?"

யாரோ சிரித்தார்கள். அவள் ஆரம்பித்துவிட்டாள். முதல் லயம், ஒன்று. சத்தம் இல்லை. முதல் லயம், இரண்டு. சத்தம் இல்லை. மூன்றாம் வீட்டு மொக்கையன், பல் போன கிழவர், "இருக்கேன் தாயி" என்றார். அதற்குப் பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குரல் வந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். சொன்னார்களே, அது போதாதா?

"நாலாம் லயம், ஒம்பது."

அண்ணாச்சி வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பெர்சி கொஞ்சம் நிறுத்தினாள். வேறு யாருக்கும் அவள் அப்படி நிறுத்தவில்லை.

"நாலாம் லயம், ஒம்பது" என்றாள் மறுபடியும்.

நான் என் கூடையின் கயிற்றைச் சரிசெய்தேன். அவள் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள்.

முப்பத்தேழு பேர் இருக்கேன் என்றார்கள். முப்பத்தேழு வீடு பட்டியலில் வந்தது. மற்ற இருபத்துநாலு பேரும் அண்ணாச்சிக்குக் கீழே, அவர் வணக்கத்தோடு தள்ளுபடி ஆனோம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். அதற்கு, உன் வீட்டுக்காரனுக்கு வேலை இருக்கிறதல்லவா என்றார். காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை.

ஆனி பிறந்து மழை பிடித்தது. எட்டாம் வீட்டில் கொத்தனார்கள் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நேரே போய்ப் பெர்சியைப் பிடித்தேன்.

"என் சுவரு ஒனக்குத் தெரியாதாட்டி? பக்கத்து வீட்டுக்காரிதான நீ? நான் சொல்லாட்டி என்ன, நீயா தனியா வச்சிருக்கக் கூடாதா? யாரு கேக்கப் போறா?"

"வச்சிருக்கலாம்" என்றாள். "வாசல்ல வந்து எடுத்துரு எடுத்துருன்னு அழுதது யாரு? களத்துல வச்சு வாயத் தொறக்காதது யாரு? ஒங்களுக்கும் சேத்து நானே இருக்கேன்னு சொல்லணுமோ?"

"என் பிள்ளைக அந்தச் சுவரு பக்கத்துல படுக்குதுக."

அவள் முகம் மாறியது. கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. கொத்தனாரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கட்டிலில் கிடந்த துணிமூட்டையை எடுத்துத் தரையில் எறிந்தாள்.

"பிள்ளைக ரெண்டையும் இங்கன அனுப்புங்க. மழை முடியுத வரைக்கும் இங்கனதான் படுக்கணும். நீங்களும் ஒங்க வீட்டுக்காரரும் அந்தச் சுவத்துக்குக் கீழயே கெடங்க. ஒங்களுக்குத்தான் கீழ கெடந்து பழக்கமாச்சே."

வாயில் வந்ததை எல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் பாயைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினேன்.