ஜிடிபி போடாத குழாய்

கடத்தூர் பானுமதி தர்மபுரியில் ஒரு கல்லூரி ஆய்வக உதவியாளர். வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கும் மாரடிக்கிறாள். வயல் தண்ணீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிதான் அவள் ஆராய்ச்சி. அதன் ஆர்என்ஏ ஒன்றின் நடுவில் வேண்டாத துண்டு ஒன்று உண்டு. எந்தப் புரதத்தின் தயவும் இல்லாமல் அந்த ஆர்என்ஏ தன்னைத்தானே வெட்டித் துண்டை வெளியே தள்ளிவிட்டு, முனைகளை ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் மெக்னீசியம் உப்பும், ஜிடிபி (GTP) என்கிற சின்ன மூலக்கூறும் கூட இருந்தால் போதும். ஜிடிபி வந்துதான் முதல் வெட்டைத் தொடங்கி வைக்கும்.

இதை நிரூபிக்க இரண்டு குழாய். ஜிடிபி போட்டதில் வெட்டு விழ வேண்டும், போடாததில் விழக்கூடாது. பாழாய்ப்போன ஆர்என்ஏ இரண்டிலும் வெட்டிக்கொண்டது. மறுபடி செய்தாள், அதே கதைதான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடலாம் பானுமதி" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை ராஜாமணி. இரண்டு வருட உழைப்பு!

புதன்கிழமை காலை, சந்தைக்குத் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த கணவன் மாதுவிடம், கூடமாட பிரித்தபடியே புலம்பினாள்.

"கைமறதியா போட்டிருப்ப" என்றான் மாது.

"சத்தியமா போடலைங்க."

"செரி, அந்த ஆர்என்ஏவ எங்க வாங்குன?"

"வாங்கறதா? நானே செஞ்சதுங்க."

"எதெதப் போட்டுச் செஞ்ச?"

நல்ல வேளை, மனிதனுக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டான். பானுமதி விரல் மடக்கினாள். "நொதி, உப்பு, ஏடிபி, சிடிபி, யுடிபி, ஜி..."

ஆர்என்ஏவைச் செய்யவே ஜிடிபி வேண்டும். செய்தபோது மிஞ்சியது ஆர்என்ஏவோடு சேர்ந்து குழாய்க்குள் வந்திருக்கிறது. அவசரத்தில் அவள்தான் அதைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறாள். தக்காளியை அப்படியே போட்டுவிட்டு எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

இந்த முறை ஆர்என்ஏவை ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, அது தனியாக ஒதுங்கிய பட்டையை மட்டும் வெட்டியெடுத்துச் சுத்தம் செய்தாள். வெள்ளிக்கிழமை மதியம் புற ஊதா விளக்கில் பார்த்தபோது, ஜிடிபி போட்ட குழாயில் வெட்டு விழுந்திருந்தது. போடாததில் ஒரே பட்டை, முழுசாக.

ராஜாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். "அத்தியாயம் இருக்கட்டும்" என்றார்.

பானுமதி குறிப்பேட்டைத் திறந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுதினாள்: "முதல் இரண்டு முறையும் தவறு என்னுடையது. ஆர்என்ஏ சரியாகத்தான் வேலை செய்தது."