பஞ்சுவின் தொண்டையும் முபாறக்கின் கத்தியும்

கல்முனை பசாரில் முபாறக்கின் சலூனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிள்ளையோடுதான் வருவார்கள். தாடி மழிக்கவும் தலைமுடி வெட்டவும் அந்தத் தெருவிலேயே நாலைந்து கடைகள் இருக்கின்றன. ஏசியும் கலர் வெளிச்சமும் பாட்டும் வைத்து இளந்தாரிகளை இழுக்கிற கடைகள். பிறந்த பிள்ளைக்கு முதல் முடி இறக்க மட்டும் சனம், அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுகிற முபாறக்கைத்தான் தேடும். மருதமுனையிலிருந்து வருவார்கள், சாய்ந்தமருதிலிருந்து வருவார்கள், காரைதீவுத் தமிழ்க் குடும்பங்களும் வரும். முபாறக் கத்தி வைத்தால் பிள்ளை அழாது என்று ஊரில் ஒரு கதை. அது சுத்தப் பொய். சலூனே அதிரும்படி வீரிட்ட பிள்ளைகள் ஏராளம். ஆனால் அந்த வீரிடலுக்கு நடுவிலும் அவர் கை நடுங்காது என்பது மெய்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் உச்சிக்குழியை நெருங்கியதும் கத்தியை நிறுத்திவிடுவார். எலும்பு மூடாத அந்த இடத்தில், தோலுக்கு அடியில், உயிர் மெல்ல எழும்பி எழும்பித் தணியும். அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மிச்சத்தை மழிப்பார். முப்பது வருசத்துக்கு மேலாகப் பார்க்கிற காட்சி. வேறு ஒருவர் என்றால் சலித்துப் போயிருக்கும். முபாறக்குக்கு இன்றைக்கும் ஒவ்வொரு தலையும் முதல் தலைதான்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் நாயைத் தொட்டதில்லை. எதிரே நாய் வந்தால் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவார். வெறுப்பு என்று சொல்ல முடியாது. பசியோடு வந்து நிற்கிற தெருநாய்க்கு பாண் துண்டு எறிவார், தூரத்திலிருந்து. நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த தண்ணீரால் ஒரு தரம், சுத்தத் தண்ணீரால் ஆறு தரம் என்று கழுவவேண்டும். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறவருக்கு அது வீண் வேலை.

ஆவணி மாதத்து வெயிலில் ஒரு காலைநேரம் ஓட்டோ ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவள் மேனுஜா. காரைதீவுக்காரி, பிரதேச செயலகத்தில் வேலை, புருஷன் கட்டாரில். அவளுடைய தங்கச்சியின் பிள்ளைக்கு முபாறக்தான் முடி இறக்கியிருந்தார். கையில் ஒரு பிரம்புக் கூடை, அதன்மேல் துவாய். முபாறக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்! சொல்லவே இல்லயே புள்ள. எத்தன நாள் புள்ள இது?"

"ஆறு மாசம் காக்கா."

"ஆறு மாசமா? இவ்வளவு சுணங்கியா கொண்டு வாற? பேரென்ன?"

"பஞ்சு."

இதென்ன பெயர் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் துவாய்க்குள்ளிருந்து ஓர் இருமல் கிளம்பியது. மனிதப் பிள்ளையின் இருமல் இல்லை அது. வாத்து ஒன்றைக் கழுத்தில் பிடித்து நெரித்தால் எழும்புகிற கரகரப்பு. ஒன்று முடியுமுன் அடுத்தது, அதற்கு மேலே இன்னொன்று. துவாய் விலகி, வெள்ளை மயிர்ப் பந்துக்கு நடுவில் இரண்டு கறுப்புக் கண்கள் தெரிந்தன. நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு இருந்தவர், நுரையும் துடைக்காமல் எழும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

"யா அல்லாஹ்! நாய்!" என்று முபாறக் இரண்டடி பின்னால் போனார். "என்ன புள்ள இது, நான் முஸ்லிம் மனிசனெல்லோ!"

"தெரியும் காக்கா. தெரிஞ்சுதான் வந்திரிக்கன். வேற போக இடமில்ல."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள் என்பது கண்ணைப் பார்த்தாலே விளங்கியது. வாசலில் நின்றபடியே சொன்னாள். பஞ்சு பொமரேனியன் சாதி, உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக வந்தவன். வந்த புதிதில் தடிமனும் இருமலும். மருந்து கொடுக்கச் சுகமானது. பிறகு இந்த இருமல் தொடங்கியது, நிற்கவே இல்லை. சிரப் கொடுத்தாள், ஊசி போட்டாள். சாமியறையில் சாம்பிராணி போடுவதை நிறுத்தினாள். கழுத்துப் பட்டியையும் கழற்றி எறிந்தாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

"டொக்டர் மிஸ் சொல்றா, கழுத்துல முடி சடை புடிச்சிக் கிடக்காம், அதுக்குள்ள என்னமோ இரிக்காம். கண்ணால பாக்கணுமாம். முடி வெட்டுற மெசினப் போட்டா அந்தச் சத்தத்துக்கே இருமி இருமி நாக்கு நீலமாப் போகுது. மயக்க ஊசி போடவும் பயம், மூச்சு காணாதாம். கை பழகின ஆள் ஒருத்தர் சத்தமில்லாமக் கத்தியால எடுத்தா நல்லம் எண்டா. நான் உங்கட பேரச் சொன்னன்."

"என்ட பேரயா? நாய்க்கா?"

"அவன் படுக்கிறானில்ல காக்கா. படுத்தா மூச்சடைக்குது. குந்தி இருந்து, நாடியத் தூக்கிக்கொண்டு தூங்கி விழுறான். விழுந்தா இருமல். இப்பிடியே விட்டா இந்தக் கிழமை தாண்ட மாட்டான் எண்டு மிஸ்ஸே சொல்லிட்டா."

முபாறக் கூடையைப் பார்த்தார். அந்தப் பிராணி சொன்னபடியே இருந்தது. நாடியை மேலே தூக்கி, கண் சொருகி, தலை ஒரு பக்கம் சரிந்து, திடுக்கிட்டு மறுபடி நிமிர்ந்தது. தூக்கத்துக்கும் மூச்சுக்கும் இடையில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு சீவன் என்ன செய்யும்? கூடையை நோக்கி ஓரடி வைத்தார். ஆனாலும் வாய் துணியவில்லை. பெரிய முடிவு எல்லாவற்றிலும் செய்கிறதைப்போல மனைவி சுஹறாவுக்குப் போன் போட்டார். விசயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். நாளைக்கு இந்தக் கையை நம்பி ஆர் பிள்ளை தருவான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பக்கம் சுஹறா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள் போல. அவசரமாகப் பேசினாள்.

"இதயும் என்னட்டயா கேக்கிற? கழுவத் தண்ணி இரிக்கி, மண்ணும் வளவு நிறைய இரிக்கி. அதுக்கு மூச்சு இரிக்கா? போங்க, போய்ட்டு வாங்க. வந்து கிணத்தடியால வாங்க, வீட்டுக்குள்ள ஏறாம."

முபாறக் நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு மிச்ச முகத்தை மழித்து அனுப்பினார். பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிற கத்தியைத் தொடவில்லை. உறை பிரிக்காத புதுக் கத்தி ஒன்றையும் சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மிருக வைத்தியர் தர்சினியின் சிகிச்சை நிலையம் பிரதான வீதியில் ஒரு சின்ன அறை. பாண்டிருப்புப் பெண், இளவயது, பேச்சு குறைவு. மேசையில் விரிப்புப் போட்டு, பஞ்சுவின் வாயை ஒரு துணியால் மெல்லச் சுற்றிப் பிடித்தாள். "துணிக்கு மேலதான் காக்கா, வாய் உங்களில படாது" என்று அவளாகவே சொன்னாள். மேனுஜா தலைமாட்டில் நின்றாள்.

முபாறக் கையை நீட்டினார், இழுத்தார், மறுபடி நீட்டினார். விரல் மயிருக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய பந்துக்குள் உடம்பு எங்கே என்று அவர் தேடவேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தபோது ஆள் அரண்டு போனார். ஒரு கொய்யாப்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய நெஞ்சு. அதற்குள் இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தோ, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தால் அடங்கிவிடும். அந்தக் கழுத்துக்குள் ஒரு குழாய், அந்தக் குழாய் வழியாகத்தான் அத்தனை மூச்சும் போய் வருகிறது. தாடி மழிக்க வருகிறவர்கள் எத்தனையோ பேர் தலையை நிமிர்த்தித் தங்கள் தொண்டையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். தொண்டை என்றால் என்ன என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தாற்போல் இருந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றார், கொஞ்சம் உரக்கவே.

கத்தரிக்கோலால் சடையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இருமல் வரும் முன்னே அந்தச் சின்ன உடம்பு ஒரு கணம் இறுகும். அதை விரல் கண்டுபிடித்துவிட்டது. இறுகினால் கையை எடுத்துவிடுவார், இருமி ஓயும்வரை காத்திருப்பார், பிறகு தொடருவார். பிள்ளைகளோடு பேசுகிற பேச்சு தன்னால் வாயில் வந்தது. "முடிஞ்சிட்டு வாப்பா, முடிஞ்சிட்டு. இந்தா, இன்னும் கொஞ்சம். ஆருட புள்ள நீ?" பெற்ற பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி நாயை வாப்பா என்று அழைத்தது அவர் காதில் விழவே இல்லை. மேனுஜாவின் காதில் விழுந்தது.

சடை போனதும் கத்தியை எடுத்தார். தோல் தெரியத் தொடங்கியது. சிவந்து, கசிந்து, புண்ணாகி இருந்தது. அந்தப் புண்ணுக்கு நடுவில், கழுத்தைச் சுற்றி, ஒரு கோடு. கோடு இல்லை அது. கயிறு. இறுகி, தசைக்குள் பாதி புதைந்து, கறுத்துப்போன நூல்.

தர்சினி குனிந்து பார்த்தாள்.

"கழுத்தில ஏதும் கட்டினீங்களா எண்டு நான் கேட்டனே," என்றாள் தர்சினி.

மேனுஜாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "அது... அது அம்மன்ட காப்பு."

அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நேரம் பஞ்சுவுக்கு முதல் தடிமன். கோயிலில் வரிசையில் நின்று, தன் கைக்கென்று வாங்கிய மஞ்சள் நூலை அவள் கட்டிக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, எனக்கு வேண்டாம் தாயே, இவனைக் காப்பாற்று என்று குட்டியின் கழுத்தில் கட்டினாள். தடிமன் சுகமானது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று மனம் குளிர்ந்தாள். காப்பைக் கத்தி வைத்து வெட்டக்கூடாது, தானாகத்தான் அறுந்து விழவேண்டும். அது விழும் என்று விட்டுவிட்டாள். மயிர் வளர்ந்து மூடியது. குட்டியும் வளர்ந்தது. நூல் வளரவில்லை.

"பட்டியத்தான் கேக்கிறீங்க எண்டு நினைச்சன் மிஸ். காப்ப ஆரும் கட்டினது எண்டு சொல்லுவாங்களா? அது காவலெல்லோ..." இரவிரவாகக் கூட இருந்து, முதுகைத் தடவி, அம்மனே அம்மனே என்று கும்பிட்ட தன் கைதான் அவனை நெரித்தது என்பதை அவள் அந்த இடத்தில் நின்று விழுங்கினாள்.

"காக்கா, வெட்டுங்க," என்றாள் தர்சினி.

முபாறக் அசையவில்லை. அவருடைய இடதுகைச் சுட்டுவிரல் நகம் நூலுக்கு அடியில் மயிரிழையாகப் புகுந்து, அதைத் தொண்டையிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தது. கை மாறினால் இருமும். இருமினால் நூல் இன்னும் உள்ளே இறங்கும். வேறு ஆளிடம் கொடுக்கவும் வழியில்லை.

"இது உங்கட சாமிட நூல்," என்றார். "உங்கட அம்மன நான் மதிக்கிறவன். நான் பேசாம வெட்டினா அது களவு மாதிரி. மேனுஜா, நீ சொல்லணும்."

மேனுஜா பஞ்சுவின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னமும் நம்பிக்கையோடு.

"வெட்டுங்க காக்கா," என்றாள். "அம்மன் கேட்டா நான் பதில் சொல்றன். இவன் இருக்கணும் எண்டுதான கட்டினன்."

"பிஸ்மில்லாஹ்," என்றார் முபாறக்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையில் கத்தி. கத்திக்குக் கீழே ஒரு மிருகத்தின் தொண்டை. கோழியும் ஆடும் அறுக்கும்போது வாயில் வருகிற அதே சொல். உயிரை எடுக்கவும் அல்லாஹ்வின் பெயர்தான், உயிரைக் கொடுக்கவும் அவன் பெயர்தான் என்பதை இத்தனை காலம் ஓதியிருக்கிறார். கைக்குள் வைத்துப் பார்த்தது இன்றைக்குத்தான். கத்தியின் முதுகைத் தொண்டைப் பக்கமாகவும் கூர் விளிம்பை நூல் பக்கமாகவும் திருப்பி, மேல்நோக்கி ஓர் இழுப்பு. நூல் அறுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த நெஞ்சு விரிந்தது. விரிந்துகொண்டே போனது. இவ்வளவு காற்றை எங்கே வைக்கப் போகிறது என்று முபாறக் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வெளியே வந்தபோது கரகரப்பு இருந்தது, அந்த வாத்துச் சத்தம் இல்லை. அடுத்த மூச்சு. அதற்கடுத்தது.

தர்சினி புண்ணைக் கழுவி மருந்து போட்டாள், வாய்த் துணியை அவிழ்த்தாள். தொண்டை வீங்கித்தான் இருக்கிறது, இருமல் முழுதாக நிற்கச் சில கிழமை எடுக்கும், ஆனால் பிழைத்துக்கொள்வான் என்றாள்.

முபாறக் கையை எடுக்கப் போனார். அதற்குள் பஞ்சு முன்னங்காலை நீட்டி, வயிற்றை விரிப்பில் அமர்த்தி, தலையை அவர் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தது. கண் மூடியது. நாடி தூக்கவில்லை, திடுக்கிடவில்லை. படுத்துத் தூங்கியது. திறந்த வாயிலிருந்து எச்சில் இறங்கி அவர் விரலிடுக்கு வழியாக மணிக்கட்டுவரை ஓடியது.

மேனுஜா பதறிப்போனாள். "ஐயோ காக்கா, வாய்நீர் பட்டுட்டு! கைய எடுங்க, நான் அவனத் தூக்கிறன்."

"இரி புள்ள," என்றார் முபாறக், மூச்சுவிடுகிற குரலில். "தொடாத. கழுவுறதுக்கு எனக்குப் பொழுது இரிக்கி. இவன் இப்பதான் தூங்குறான்."