காப்பி கிளப்பின் பின்கட்டு

நான் கல்யாணமாகி ராசிபுரம் வந்தபோது, கடைவீதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே மாமனாரின் நூல்கடை இருந்தது. நாங்கள் மாடியில் குடியிருந்தோம். சாய வாடை படியேறி அடுக்களை வரை வரும். சில வருஷங்களில் நூல் விலை சரிந்தது, தறிகள் ஓய்ந்தன. மாமனார் கடையைப் பூட்டிச் சாவியை என் கணவரிடம் கொடுத்துவிட்டார்.

முதலில் ஒருவர் கருவாட்டுக்கடை வைக்க இடம் கேட்டார். மாமியார் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அதைத் தடுத்தார். பிறகு சேந்தமங்கலத்துக்காரர் ஒருவருக்குக் காப்பி கிளப் வைக்கக் கொடுத்தோம். அவர் குறுக்கே பலகை அடித்து, முன்பக்கம் மேஜை நாற்காலிகளும் பெரிய கண்ணாடி ஒன்றும் போட்டார். பின்பக்கம் அடுப்பு, ஆட்டுக்கல். பலகையில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அவர் மனைவி பின்கட்டில் இட்லி அவித்து, காப்பி கலந்து, அதன் வழியாக நீட்டுவாள். பரிமாறுவது, மேஜை துடைப்பது எல்லாம் அவர். அவள் வருவதும் போவதும் பின்சந்து வழியாகத்தான்.

ஆரம்பத்தில் எனக்கு அவள்மேல் கோபம். அடுப்புப் புகையில் மாடியில் காய்ந்த துணியெல்லாம் கரியாகிவிட்டது. சண்டை போடவே இறங்கிப் போனேன்.

"ஏனுங்க, எங்க துணியைப் பாருங்க, எப்படிக் கெடக்குதுன்னு!"

"அப்படியாங்க சாமி? எறக்கிப் போடுங்க, நானே அலசித் தாரேன்" என்றாள். சொன்னபடியே அலசியும் கொடுத்தாள். அதற்கப்புறம் மத்தியானங்களில் நான் பின்கட்டை ஒட்டிய கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் மாவாட்டிக்கொண்டே பேசுவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முன்னால் வருகிறவர்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள். "இது பத்திர ஆபீஸ் குமாஸ்தாங்க. பாருங்க, இன்னொரு காப்பி கேப்பாரு." அவரும் கேட்பார்.

யுத்தம் வந்து சர்க்கரைக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தது. வெல்லக் காப்பிக்குக் கூட்டம் வரவில்லை. பதினோரு வருஷம் நடந்த கிளப்பை மூடினார்கள். சாமான் ஏற்ற வண்டி பார்க்க அவள் புருஷன் போயிருந்த நேரத்தில் நான் கீழே வந்தேன்.

"அக்கா, இந்தக் கடையில உக்காந்து ஒரு நாளாச்சும் காப்பி குடிச்சிருக்கீங்களா?"

"பொம்பளைங்க யாருங்க அங்க போயி உக்காருவாங்க?" என்று சிரித்தாள்.

மாடிக்குப் போய் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தேன். முன்பக்கம் போய் உட்கார்ந்தோம். அவள் நாற்காலியின் விளிம்பில் தொட்டும் தொடாமலும் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பருத்த ஆள் தலையை நீட்டி, "காப்பி இருக்குதுங்களா?" என்றார். இரண்டு பெண்பிள்ளைகளைக் கண்டதும் திகைத்து நின்றார்.

"கடையை மூடியாச்சுங்க" என்றாள் அவள். அவர் போய்விட்டார்.

"குமாஸ்தாதானுங்க. ஒல்லியா இருப்பாருன்னுல்ல நெனச்சிருந்தேன்!" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இத்தன வருசம் அந்த மனுசனுக்குக் காப்பி போட்டிருக்கறனுங்க. மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

அவர்கள் சேலத்துக்குப் போனார்கள். அங்கே அவர் வேறொரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாராம். ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையில் அவளைப் பார்த்ததாக என் கணவர் சொன்னார். வீட்டிலேயே இட்லி சுட்டு விற்கிறாளாம். என்னைக் கேட்டாளாம். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த நாளில் எனக்குத் தனியாகச் சேலம் போகும் வழக்கம் இல்லை.

கீழே சைக்கிள் கடை வந்தது. பலகையைப் பிரித்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். டயர் ரப்பர் வாடையும் காற்றடிக்கும் சத்தமும் மாடிக்கு வந்தன. என் கடைசிக் குழந்தை அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டான்.