கீழே வாடகைக்கு இருந்த பிள்ளை

அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா காலத்துப் பேய்க்கதைகள் பற்றி ஒரு பாடம் எடுத்திருந்தேன். எந்தக் கதையைத் திறந்தாலும் ஒரு பெரிய வீடு, பூட்டிய அறை, உள்ளே யாருக்கும் காட்டாத ஒரு பெண். அந்தக் காலத்து ஆட்கள் பேய்க்குப் பயப்படவில்லை, குடும்பத்தில் பைத்தியம் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் குழம்பிவிடுமே என்றுதான் பயந்தார்கள் என்றார் பேராசிரியர். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை அறிய எங்கள் வீடு இருந்த பிக்கரிங்கில் இருந்து ரயில் ஏறி வந்திருக்கத் தேவையில்லை.

முந்தைய குளிர்காலத்தில் மனம் குழம்பி நான் சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிறகு மருந்தோடு நன்றாகத்தான் இருந்தேன். ஆனாலும் தங்கையைப் பார்க்க மிசிசாகாவில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, அம்மா என்னை, வீட்டுக்குக் கீழே நிலத்தடியில் என் அறை இருந்த பேஸ்மென்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்றார். மூத்தவளுக்கு வெளியூரில் வேலை என்று சொல்லிவிடுவாராம். எல்லாம் சரிவந்தால் கல்யாண மேடையில் தங்கைக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றார். அந்த ஆசையில்தான் ஒத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு முதல் தடவை வந்தால் தேநீருக்கு முன்பே அலுமாரி, குளியலறை வரைக்கும் சுற்றிப் பார்த்துவிடுவார்கள். அந்தப் பதற்றத்தில் அம்மா இதை மறந்துபோனார். படியில் கால்கள் இறங்கும் சத்தம் கேட்டு நான் மூச்சை அடக்கினேன்.

"லைற் எரியுது. ஆர் இருக்கினம்?" மாப்பிள்ளையின் தாயாரின் குரல்.

"ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்குது. படிக்கிற பிள்ளை," என்றார் அம்மா.

"தனியவோ? பாவம். அதுக்கும் ரெண்டு பலகாரம் குடுப்பம்."

நல்ல மனுஷி. அவர் மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா கதவைத் தட்டினார். அதுவரை ஒருநாளும் தட்டியவர் அல்ல. திறந்தேன். கையில் தட்டு, பின்னால் சிரித்த முகத்தோடு அந்தத் தாயார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாங்க்ஸ் அன்ரி," என்றேன் அம்மாவிடம்.

சம்பந்தம் சரிவந்தது. வாடகைக்கு இருந்த பிள்ளை பிறகு எப்படி அக்காவாகி மேடையில் நிற்பது? தங்கையின் கல்யாணத்தை வீடியோவில்தான் பார்த்தேன். தாலி கட்டும்போது அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார். மகளைப் பிரிகிற அழுகை என்று பக்கத்தில் நின்றவர்கள் தேற்றினார்கள். எந்த மகளை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?