டேவிட் வீட்டு முறை

எழுபதுகளில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து வாசகர் வட்டம் நடத்தினோம். ஞாயிறுதோறும் முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவோம்.

ஒரு வாரம், கறுப்பின நண்பனின் வீட்டுக்குப் போகக் கூசுகிற வெள்ளைக்காரப் பையனைப் பற்றிய நாவல். “இவனெல்லாம் ஒரு சிநேகிதனா?” என்று அரைமணி நேரம் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்தது டேவிட் வீட்டு முறை. அவன் அப்பா ஸ்டேஷனில் துப்புரவுத் தொழிலாளி. அங்கே டீ குடித்தேன் என்று தெரிந்தால் என் வீட்டில் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம்.

“உன் வீடு சின்னதாச்சே, இந்தத் தடவை பார்க்ல உக்காரலாம்டா” என்றேன்.

“ஹவ்டா, பார்க்கே நல்லது” என்று எங்கள் ஊர் உருது கலந்து ஆமோதித்தான் டேவிட்.

ஞாயிறன்று தூக்குவாளியில் டீயும் ஆறு புதுக் கண்ணாடி டம்ளர்களும் கொண்டுவந்தான். என் கையில் ஒன்றைக் கொடுத்து, “உங்களுக்குன்னே அம்மா வாங்கினாங்க. எங்க வீட்ல யாரும் இதுல குடிக்கல” என்றான்.

அந்த டீயைக் குடித்து முடித்தேன்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பையன் நண்பனின் வீட்டுக் கதவைத் தட்டுவான். டேவிட் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.