சும்மா திறந்து பார்ப்பவர்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் மோகன்குமார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு இந்தத் தரிசனம் தவறாது. பால் வாங்கப் போகிறவர்கள்கூடச் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போக வேண்டும். "வால்வு பேசுது சார், கேட்டுப் பாக்குறீகளா?" என்பார். நானும் ஒருமுறை காதை வைத்தேன். மாவு மில் சத்தம்தான் கேட்டது.

சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஷிப்டு முழுக்க மெஷின்களைக் கழற்றி மாட்டியும் கை அடங்காது. வீட்டு மிக்ஸி, மாடி வீட்டு டிவி, என்னுடைய தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றின் வயிற்றையும் பார்த்தவர். எதுவாவது ஓடாமல் போனால், "நான் ஒண்ணுமே பண்ணல சார். சும்மா தொறந்து பாத்தேன்" என்பார். அது பொய்யில்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார். திறப்பது, துடைப்பது, முறுக்குவது இதெல்லாம் அவர் அகராதியில் வேலையில் சேராது. என் மோட்டார் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓடுகிறது.

அவருடைய கார் பெங்களூரில் இரண்டாம் கையாக வாங்கியது. நம்பர் பலகை இன்னும் கர்நாடகாதான். அதன் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. மிதித்த சேதி ஒயர் வழியாகப் போய், ஒரு குட்டி மோட்டார் காற்று நுழையும் வாயில் இருக்கிற வட்டத் தகட்டைத் திறக்கும். அதற்குப் பெயர் த்ராட்டில். மிதிக்கிற காலுக்கும் வண்டிக்கும் நடுவில் தன் கைக்கு எட்டாத ஒன்று உட்கார்ந்திருப்பது அவருக்கு வாங்கிய நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

போன பொங்கலுக்கு மனைவி சத்யப்ரியாவின் ஊரான நாகரசம்பட்டிக்குக் கிளம்பிய கார், சூளகிரி தாண்டியதும் படுத்துவிட்டது. மாங்கன்று ஏற்றி வந்த டெம்போவின் பின்னால் கயிறு கட்டி, ஊரே பார்க்க மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். இந்த ஐப்பசியில் சத்யப்ரியாவின் தம்பி கௌதம் வீட்டுக் கிரகப்பிரவேசம். "அதுக்கும் இப்படிப் போய் நின்னா, அன்னைக்கே வண்டிய வித்துடணும். சொல்லிட்டன்" என்று சத்யப்ரியா முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டார். மோகன்குமாருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. இங்கே கம்பெனிகளில் லேத்திலிருந்து ஸ்டேப்ளர் வரை பொட்டு வைக்காமல் எதையும் விட மாட்டார்கள். மோகன்குமார் வீட்டுக் காருக்கும் அதே மரியாதை. கழுவினார், த்ராட்டிலைத் திறந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தார், பூஜை போட்டார். மறுநாள் கார் கிளம்பியது. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போகவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு முறைத்தது.

பேட்டரியைச் சந்தேகப்பட்டார். ஃப்யூஸை மாற்றினார். பெட்ரோல் பங்கைத் திட்டினார். கடைசியில் பாகலூர் ரோடு மெக்கானிக் ஆஞ்சப்பன் ஸ்கேனரோடு வந்தார்.

"நோடி சார், இங்க பாருங்க, த்ராட்டில் சிக்கி நிக்குதுன்னு காட்டுது. யாரு கை வெச்சது?"

மோகன்குமார் தெருவை இருபுறமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது பளபளன்னு இருக்குண்ணே. நானே தேச்சேன்."

"அப்ப புதுசுதான் போடணும். பெங்களூர்ல சொல்லி வெச்சா அடுத்த வாரம் வரும்."

அடுத்த வாரத்துக்குள் கிரகப்பிரவேசமே முடிந்துவிடும்.

விசேஷத்தன்று காலை சத்யப்ரியா பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகக் காரைச் சுற்றி வந்தார். ஆயுத பூஜைக்கு வைத்தவை அப்படியே இருந்தன: ஸ்டீரிங்கில் ஒரு பொட்டு, பானட்டில் ஒன்று, டயருக்கு ஒன்று.

"ஏங்க, அன்னைக்கு ஒரு கிண்ணம் சந்தனம் கொழச்சுக் குடுத்தன். கிண்ணம் காலியா வந்துது. மிச்சத்த எங்க வெச்சீங்க?"

மோகன்குமார் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார்.

"எங்கன்னு கேக்கறன்."

"உள்ளயும் வெச்சேன்."

"உள்ளன்னா?"

"வண்டி மூச்சு விடுற எடம் அதுதான சத்யா. அதுக்கு வெக்காம விடலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.

மோகன்குமார் பானட்டைத் தூக்கிக் காற்றுக் குழாயைக் கழற்றினார். த்ராட்டில் தகட்டின் நடுவில் அம்மன் நெற்றி போலப் பெரிய சந்தனம், மேலே குங்குமம். சந்தனம் ஓரம் வரை வழிந்து, காய்ந்து, தகட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. மோகன்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் பதமாகத் துடைத்தார். துணியில் வந்ததைக் கீழே உதற மனம் வரவில்லை. கரியும் குங்குமமும் கலந்த அதையே தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

போனில் ஆஞ்சப்பன் வழி சொன்னார். "சாவிய ஆன் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. பெடல், வயர் எதையும் தொடாம கொஞ்ச நேரம் உக்காருங்க. த்ராட்டில எவ்வளவு தொறக்கணும்னு வண்டி தானா கத்துக்கும்."

எதையும் தொடாமல்! சீட்டில் சம்மணம் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார் மனிதர். எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஒரு முறை தடுமாறி, சீரானது. மிதித்தார், சொன்ன பேச்சைக் கேட்டது. சத்யப்ரியா முன்சீட்டில் ஏறிச் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

பானட்டை மூட இறங்கிய மோகன்குமார் மூடவில்லை. உள்ளே எதையோ பார்த்துவிட்டார். தலை மெல்லக் குனிந்தது, கையும் கூடவே போனது.

"ஏங்க!"

சத்யப்ரியா எட்டி ஹாரனை அழுத்தி, எடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

மோகன்குமார் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். பிறகு அவற்றை இறக்காமலே, முழங்கையால் இழுத்துப் பானட்டை அழுத்தி மூடினார்.